காகிதப் பித்தர் அளவையியல்

பாயிரம். நூலின் எல்லை: டைக்ரிஸ் ஆற்றங்கரை பாக்தாதும் அதைச் சூழ்ந்த ஊர்களும். கேட்போர்: வீட்டில் அலமாரி போதாதவர். பயன்: இல்லை.

622இல் நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனா சென்றார், 632இல் மறைந்தார். 711இல் அவரைப் பின்பற்றியவர்களின் படை மேற்கே ஸ்பெயினிலும் கிழக்கே சிந்துவிலும் நின்றது. இந்த விரைவை வாளால் அளந்து எழுதியோர் பலர். அவர்கள் கணக்கை நாம் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு வந்த ஒரு சரக்கு. 751இல் தலாஸ் போரில் சிறைபிடிபட்ட சீனர்கள் காகிதம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது கதை. அதற்கு முன்பே நடு ஆசியாவில் காகிதம் புழங்கியது என்று மறுப்பாரும் உளர். எப்படியோ, 762இல் கலீஃபா மன்சூர் பாக்தாதை எழுப்பத் தொடங்கினார்; அந்த நூற்றாண்டு முடிவதற்குள் காகிதமும் வந்து இறங்கிவிட்டது. தோலில் எழுதியதைச் சுரண்டித் திருத்தலாம். காகிதத்தில் மை ஊறிவிடும், சுரண்டினால் காட்டிக்கொடுக்கும். வரிக்கணக்கு பார்க்கும் அலுவலகத்துக்கு இதைவிட நல்ல பொருள் ஏது? ரசீதுக்கென்று வந்ததைப் புலவர்கள் கைப்பற்றிக்கொண்டார்கள். நோய் அங்கேதான் தொற்றியது. ('காகிதம்' என்ற நம் சொல்லே அரபு, பாரசீக வழியில் வந்ததுதான். ஆகவே இது அயல்வீட்டு விவகாரம் அன்று.)

காகிதப் பித்தராவார், புத்தகத்தைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாதவர். இவரைச் சமயத்தால் வகுக்க முயன்று தோற்றோம். முஸ்லிம், நெஸ்டோரியக் கிறிஸ்தவர், ஹர்ரான் ஊரின் கோள் வழிபாட்டினர் என எல்லாரும் ஒரே கடைத்தெருவில் கலந்து கிடக்கிறார்கள். எனவே நம் பாட்டன்மார் வகுத்துத் தந்த எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்னும் நான்கையே கைக்கொண்டோம்.

எண்ணலளவை எளிது. ஒன்பதாம் நூற்றாண்டின் யஃகூபி, பாக்தாதில் ஒரு வட்டாரத்திலேயே நூற்றுக்கு மேற்பட்ட புத்தகக் கடைகள் என்று எண்ணிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எண்ணுவோர் பொதுவாக வாங்குவதில்லை.

எடுத்தலளவைக்குத் தலைவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873). ஹீரா ஊர்க் கிறிஸ்தவர், மருத்துவர். கிரேக்கத்திலிருந்து சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்தவர். கலீஃபா மஃமூன் இவர் மொழிபெயர்ப்புக்கு எடைக்கு எடை பொன் கொடுத்தார் என்று பேச்சு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மருத்துவர் வரலாறு எழுதிய இப்னு அபீ உஸைபிஆ, ஹுனைனின் எழுத்தர் படியெடுத்த ஏடுகளைக் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார். எழுத்து பெரிது, வரிக்கும் வரிக்கும் இடைவெளி அகலம், தாளோ சாதாரணத் தாள் மூன்று நான்கை ஒட்டியது போன்ற தடிமன். கூலி எடைக்கு என்றால் தாள் தடிக்காமல் என்ன செய்யும்? ஆனால் அந்தத் தடிமனால்தான் அவை இத்தனை காலம் தாங்கின என்றும் அவரே சேர்க்கிறார். பேராசைக்கு இவ்வளவு நல்ல பெயர் வேறெங்கும் கிடைத்ததில்லை. ஹுனைன் எடைக்கல்லுக்கு மட்டும் அடிமை என்று எண்ணிவிடவும் கூடாது. காலன் என்னும் கிரேக்க மருத்துவர் எழுதிய நூல்களில் பெயர்க்கப்பட்டவை எவை என்று 129 தலைப்புகளுக்கு வரிசை எழுதிவைத்தார். அவற்றில் ஒன்றைத் தேடி ஈராக், சிரியா, பாலஸ்தீனம் கடந்து அலெக்சாந்திரியா வரை அலைந்தார். கடைசியில் டமாஸ்கஸில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது. பாதி நூலுக்கு எடை என்ன, அலைந்த வழிக்குக் கூலி என்ன என்பதை அளவையியல் பேசாது.

முகத்தலளவை: 823இல் இறந்த வரலாற்றாசிரியர் வாகிதி. விட்டுச்சென்றவை 600 பெட்டிப் புத்தகங்கள். ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள். தகவல் இப்னு அல்-நதீமுடையது. அவர் 987இல் 'ஃபிஹ்ரிஸ்த்' என்ற நூற்பட்டியலை எழுதிய புத்தக வணிகர். வணிகர் என்பதால் பெட்டிக் கணக்கில் சற்றுத் தாராளம் இருக்கலாம்.

நீட்டலளவையும் அவர் சொன்னதே. கலீஃபா முதவக்கிலின் நெருங்கிய தோழர் ஃபத்ஹ் இப்னு காகான், சட்டைக் கையிலோ காலணிக்குள்ளோ ஒரு புத்தகம் செருகியிருப்பார். அவையிலிருந்து சிறுநீர் கழிக்கவோ தொழவோ எழுந்தால் போகும் வழி முழுக்கப் படிப்பார், திரும்பும்போதும் படிப்பார். இவருக்குப் புத்தகத்தின் நீளம் பக்கத்தில் இல்லை, நடையில். அரண்மனைகள் பெரிதாகக் கட்டப்பட வேண்டும் என்பதற்கு இதுவரை எவரும் சொல்லாத காரணம் இது.

புறனடை. நான்கிலும் அடங்காதவர் பஸ்ராவின் ஜாஹிஸ். இளமையில் ரொட்டியும் மீனும் விற்றவர். வாங்கப் பணமில்லை, புத்தகக் கடையையே இரவுக்கு வாடகைக்கு எடுத்து உள்ளே தங்கிப் படிப்பாராம். ஆகவே இவருடையது இராவளவை. தொண்ணூறு கடந்து, பக்கவாதத்தில் கிடந்தவர் மேல் அடுக்கிய புத்தகங்கள் சரிந்து உயிர் போயிற்று என்று பிற்காலத்தார் சொல்வர். அது மெய்யானால் இராவளவையில் வாழ்ந்து எடுத்தலளவையில் முடிந்தவர் இவர் ஒருவரே.

இனி உரையாசிரியர்கள் மோதிக்கொள்ளும் இடம். ரய் நகர அமைச்சர் ஸாஹிப் இப்னு அப்பாத் (இறப்பு 995), சாமானித் வம்சத்து அரசர் அழைத்தபோது வர மறுத்தார். தம் புத்தகங்களைச் சுமக்கவே 400 ஒட்டகம் வேண்டும் என்றார். ஒட்டகத்தை எண்ணியதால் எண்ணல் என்பார் ஒரு சாரார். ஒட்டகம் சுமை அலகு என்பதால் எடுத்தல் என்பார் மறு சாரார். போக மனமில்லாதவன் சொன்ன சாக்கு, அளவையே அன்று என்பது எம் கட்சி.

அந்த ஸாஹிபின் வீட்டில் மூன்றாண்டு ஒண்டியிருந்தவர் அபூ ஹய்யான் தவ்ஹீதி. படியெடுத்துப் பிழைத்தவர், அத்தொழிலை அறவே வெறுத்தவர். ஸாஹிப் எழுதிய கடிதங்கள் முப்பது தொகுதி. முழுக்கப் படியெடு என்று ஆணை. நல்லவற்றை மட்டும் பொறுக்கித் தரட்டுமா என்று இவர் கேட்டுவைத்தார். ஸாஹிபுக்குச் சுருக்கென்றது. வெறுங்கையோடு வெளியேறிய தவ்ஹீதி அவரைத் திட்டி ஒரு நூலே எழுதினார். முதுமையில் தம் நூல்களைத் தாமே கொளுத்தினார். ஏன் எரித்தீர் என்று கண்டித்த நீதிபதிக்கு நீண்ட பதிலும் எழுதினார். அந்தப் பதில் எரியவில்லை. அதைத் தம் நூலில் சேர்த்து நமக்கு விட்டுச்சென்ற யாகூத், 13ஆம் நூற்றாண்டில் படியெடுத்தும் புத்தகம் விற்றும் வயிறு கழுவியவர்.