வண்டலும் வார்னிஷும்

ஓ.டி.பி. சொன்ன பிறகுதான் கூரியர் தம்பி பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். உள்ளே அரைக் கிலோ மண். ராஜபாளையத்தில் மில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற அப்பாவுக்கு, சென்னையிலிருந்து மகள் அனுப்பிய பொழுதுபோக்கு. ஏர் டிரை கிளே என்று பெயர். சூளை வேண்டாம், தானே காயும், கையில் ஒட்டாது என்று உறையில் அச்சடித்திருந்தது.

கையில் ஒட்டியதால்தான் அந்தக் காலத்தில் நான் மாட்டிக்கொண்டேன். அறுபதுகளின் கடைசி, ஸ்ரீவில்லிபுத்தூர். கோடையில் பெரியகுளம் கண்மாய் வற்றினால் வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். டவுசர் பை நிறைய அள்ளிவருவேன். மண்ணும் இலவசம், அப்பாவின் அடியும் இலவசம். "மண்ணளைஞ்சா சோறு போடுமாடா?" என்பார். இப்போது மகள், "மனசுக்கு நல்லதுப்பா" என்கிறாள். இடையில் கண்மாய் மண்ணுக்கும் மதிப்பு கூடிவிட்டது: விவசாயியும் மண்பாண்டத் தொழிலாளியும் தாசில்தார் அனுமதியோடு இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2024-இல் அரசு வழிசெய்தது. டவுசர் பைக்கு எந்த மனு என்று தெரியவில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு வேளார் தாத்தா இருந்தார். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்களுக்குக் கை, கால், தவழும் பிள்ளை எல்லாம் மண்ணில் செய்துகொடுப்பார். கல் பொறுக்கி, மணல் சேர்த்து, காலால் மிதித்து மிதித்து மண்ணைப் பதமாக்குவார். பொம்மையை நிழலில்தான் காயவைக்க வேண்டும்; உள்ளே ஈரம் நின்றால் சூளையில் அது ஆவியாகி பொம்மையையே வெடிக்கவைத்துவிடும் என்பதெல்லாம் அவரிடம் பார்த்துத் தெரிந்துகொண்டது. எனக்கு ஆசை ராஜபாளையம் நாய் மேல். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, குச்சிக் கால். அந்தக் கால்தான் வினை. உடைகிறதே என்று உள்ளே ஈர்க்குச்சி வைத்தேன். மறுநாள் நாலு காலிலும் விரிசல். "மண்ணு காஞ்சா சுருங்கும், குச்சி சுருங்குமாய்யா?" என்றார் தாத்தா. குச்சியில்லாமல் செய்ததில் மூன்று கால் தேறியது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்குட்டி நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். அன்று ராத்திரியே அதை வாளித் தண்ணீரில் போட்டேன். விடிந்தால் மறுபடி மண்.

சாயத்துக்குக் கடைக்குப் போனதில்லை. வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்கு அடுப்புக்கரி, ஒட்டக் கருவேலம்பிசின். மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்தால் சிவப்பு வரும் என்பதை நானே கண்டுபிடித்ததாக வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா ஆரத்தி கரைத்ததைப் பார்க்கும்வரை. இப்போது என் மேஜையில் பன்னிரண்டு புட்டி அக்ரிலிக். ரோஸ் மட்டும் மூன்று வகை.

ஆண்டாள் கைக்கிளியை இன்றும் தினம் புதிதாகத்தான் செய்கிறார்கள். மாதுளம்பூவில் அலகு, மரவள்ளி இலையில் உடம்பு, கட்ட வாழைநார். அதன் பணி ஒருநாள்தான். பிறகு கேட்டு வாங்கிப்போக ஆளிருக்கிறது. என் கிளே கிளிக்கு இரண்டு கை வார்னிஷ் அடித்து ஷோகேஸில் வைத்திருக்கிறேன். வருஷக்கணக்கில் மங்காதாம். கேட்பார்தான் இல்லை.

நாயையும் விடவில்லை. 2005-இல் தபால்தலையிலேயே ஏறிவிட்ட நாய் அது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி எதிரில் வைத்துக்கொண்டு செய்கிறேன். கால் இப்போதும் உடைகிறது. ஆனால் இந்த மண் இறுகினால் இறுகியதுதான். ராத்திரி முழுக்க ஊறவைத்தும் இளகவில்லை. மூன்று கால் நாய்கள் ஏழு சேர்ந்து, காலியான பால்கோவா டப்பாவில் கிடக்கின்றன. பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. டப்பாவுக்குள் இருப்பவற்றுக்கு அந்த யோகமில்லை.

எட்டாவது நாலு காலில் நின்றது. அவசர அவசரமாக வெள்ளையடித்து, மூக்குக்கு ரோஸ் வைத்து, வீடியோ காலில் பேரனுக்குக் காட்டினேன். கண்ணை அகல விரித்துப் பார்த்தான்.

"சூப்பர் தாத்தா! ஆடுதானே?"