கொதிக்கிற காரைக் கண்டறிதல்: மட்டக்களப்பு முறை

இந்த வழிகாட்டியைப் பின்பற்ற முதலில் ஒரு பழைய கார் வேண்டும். அதற்குப் பஞ்சமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மறுபடி திறக்கும் வரை, நாட்டிலிருந்த ஒவ்வொரு காரும் வயதிலும் ஏறியது, விலையிலும் ஏறியது. திறந்த பிறகு வரியைக் கேட்டவர்கள் வீட்டில் நின்றதையே துடைத்து வைத்துக்கொண்டார்கள். ஆகவே உங்களிடம் ஒரு மாருதி 800 இருக்கும்: 796 சிசி, மூன்று சிலிண்டர். இல்லையென்றால் ஒரு நிசான் சன்னி.

அடுத்த தகுதி, அந்தக் கார் எப்போதும் கொதிக்கக் கூடாது. எப்போதும் கொதிக்கிற காரை எந்தக் கராஜிலும் பின்னேரத்துக்குள் பிடித்துவிடுவார்கள். உங்களுடையது வெள்ளிக்கிழமை காத்தான்குடியில் ஆவி விட்டுவிட்டு, சனிக்கிழமை கராஜில் ஒரு மணித்தியாலம் ஓடியும் ஊசி நடுவிலேயே நிற்கிற கார். சுகமில்லாதது காருக்கா உங்களுக்கா என்ற சந்தேகத்தோடு பாஸ் உங்களைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மேற்கொண்டு வாசிக்கலாம்.

முதற்படி, ஆலோசனை பெறுதல். கல்லடிப் பக்கம் பொனற்றைத் தூக்கி வைத்துவிட்டு ஓரமாக நில்லுங்கள். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. முதலில் வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் 'ஹெட் கஸ்கற்' என்று தீர்ப்புச் சொல்வார். ஓட்டோ ஓட்டுகிற தம்பி வாட்டர் பம்ப் கட்சி. மீன் பெட்டியோடு சைக்கிளில் போகிறவர் இறங்கவே மாட்டார், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "தெர்மோஸ்ரற்றைக் கழற்றி வீசு மனே, எங்கட ஊர்ச் சூட்டுக்கு அது என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மூன்றும் நடக்கக்கூடியவை என்பதுதான் கொடுமை. மூன்று சாமானையும் வாங்கி மாற்றுங்கள். மாற்றிய பிறகும் கொதித்தால், நான்காவது என்னவென்று கேட்க மறுகா அதே இடத்துக்கு வாருங்கள்.

மீன்காரர் சொன்னதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஏனென்றால் அதைக் கேட்டு நடந்தவர்கள் ஊரில் நிறைய. தெர்மோஸ்ரற் என்பது உள்ளே மெழுகு வைத்த ஒரு சின்னக் கதவு. மெழுகு உருகி விரிந்தால் கதவு திறந்து தண்ணீர் றேடியேற்றருக்குப் போகும். ஜப்பானிய எஞ்சின்களில் அனேகமாக 82 பாகையில், சிலவற்றில் 88இல் திறக்கும்; அந்த எண் அதன் மேலேயே பொறித்திருக்கும். வயதான கதவு ஒருநாள் ஒழுங்காகத் திறக்கும், ஒருநாள் பாதியில் இறுகும். விட்டு விட்டு வருகிற சூட்டுக்கு இதைவிடப் பொருத்தமான குற்றவாளி இல்லை. விசாரிப்பதும் சுலபம்: நூலில் கட்டிச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பை மூட்டினால், திறக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே காணலாம். திறக்கவில்லையென்றால் புதியது போடலாம்.

ஆனால் நமது முறை அதுவல்ல. நமது முறை, கழற்றிய இடத்தை வெறுமையாக விட்டு மூடுவது. அதற்குப் பிறகு எஞ்சின் சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும், பெற்றோல் கூடக் குடிக்கும். 2022இல் கியூஆர் காட்டி வாரத்துக்கு அளந்து பெற்றோல் வாங்கிய ஊரில் இது வீரச்செயல்தான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில எஞ்சின்களில் தெர்மோஸ்ரற் திறக்கும்போதே அதன் அடிப்பகுதி பைபாஸ் வழியை அடைக்கும். அப்படிப்பட்டதைக் கழற்றினால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றரின் முகத்தையே பார்க்காமல் எஞ்சினுக்குள் திரும்பும். சூடு குறையக் கழற்றியதே சூட்டைக் கூட்டும்.

இரண்டாம் படி தண்ணீர். 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி பக்கத்திலேயே கிடக்க, கடையில் கூலன்ற் வாங்குகிறவரை ஊர் மதிக்காது. போத்தலில் அள்ளி ஊற்றுங்கள். உவர்நீர் அலுமினியத்தை என்ன செய்யும் என்பதை அடுத்த வருடம் ஹெட்டைக் கழற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் மெதுவான வழி: அதிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து படிந்து அடைக்கும். உன்னிச்சையிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர் குடிக்க நல்லது. துருவைத் தடுக்கிற மருந்து அதிலும் கிடையாது. பற்றரிக்கு ஊற்றுகிற வடிநீரையும் கூலன்றையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் இந்தப் பேச்சே இல்லை. அதனால்தான் யாரும் அதைப் பேசுவதில்லை.

ஒழுக்கு இருந்தால் மஞ்சள் தூள் போடச் சொல்வார்கள். அது தண்ணீரோடு சுற்றிப்போய் ஓட்டையில் அடைந்துகொள்ளும் என்பது உண்மை. ஓட்டைக்கும் நல்ல குழாய்க்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது என்பதும் உண்மை. காரும் மஞ்சளும் இறக்குமதித் தடைக்குள் ஒன்றாகக் கிடந்த அந்த நாட்களில் மஞ்சள் கிலோ ஆயிரக்கணக்கில் விற்றது. அப்போது றேடியேற்றருக்கு மஞ்சள் போட்டவர் உண்மையிலேயே வசதியானவர்.

மூடியை யாரும் சந்தேகப்படுவதில்லை, விலை குறைந்த சாமான் என்பதால். பல மூடிகளில் 0.9 என்று எழுதியிருக்கும். அந்த அமுக்கத்தை அது பிடித்து வைத்திருந்தால் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 பாகை வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடி அமுக்கத்தை விட்டுவிடும், தண்ணீர் 100இலேயே பொங்கும். மூடிக்குள் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. எஞ்சின் ஆறும்போது வெளியே போன தண்ணீரை றிசேர்வ் போத்தலிலிருந்து திரும்ப உறிஞ்ச விடுவது அதன் வேலை. காலையில் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தால் அந்த வால்வு இறுகிவிட்டது என்று அர்த்தம்.

இனிச் சொல்லப்போவதை யாரும் செய்யப்போவதில்லை, ஆகவே தைரியமாகச் சொல்லலாம். ஒரு கொப்பி வாங்குங்கள். கார் எங்கே கொதித்தது, என்ன வேகம், ஏசி போட்டிருந்ததா, ஏற்றமா சமதரையா, இவ்வளவையும் எழுதுங்கள். சாமான் ஒன்றும் மாற்றாமல் முக்கால்வாசி நோயை இதிலேயே பிடிக்கலாம்.

ஊருக்குள் ஊர்ந்து போகும்போதும் நிற்கும்போதும் மட்டும் சூடு ஏறினால் விசிறியைப் பாருங்கள். ஓடும்போது காற்று தானாக வரும். நின்றால் விசிறிதான் கதி. கல்லடியின் 1924ஆம் ஆண்டுப் பழைய பாலம் ஒரு வாகன அகலம். எதிர்ப்பக்கத்தார் வந்து முடியும் வரை எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்த காலத்தில், விசிறி பழுதான கார் அந்த வரிசையிலேயே அகப்பட்டுவிடும். செலவில்லாத சோதனைக்கூடம். 2013இல் பக்கத்தில் புதுப்பாலத்தைத் திறந்து அதைக் கெடுத்துவிட்டார்கள். மண்முனையிலும் இதே அநியாயம். முன்பு பாதைப்படகு வரும்வரை துறையில் நின்று எஞ்சின் ஆறியது. 2014இல் பாலம் வந்தபின் கொக்கட்டிச்சோலைக்கு ஆறாமலே போய்ச் சேருகிறோம்.

ஊருக்குள் சுகமாக ஓடி, வாழைச்சேனை தாண்டிப் புணானை, வெலிக்கந்தை என்று நீளுகிற றோட்டில் எண்பதில் போகும்போது ஊசி ஏறினால் விசிறியை விட்டுவிடுங்கள். அங்கே காற்று தாராளம். கச்சான் வீசுகிற மாதங்களில் அது அனல் காற்று என்றாலும் காற்றுத்தான். குறை தண்ணீர் ஓட்டத்தில்: அடைத்த றேடியேற்றர், இலை தேய்ந்த பம்ப், வேகத்தில் உள்ளுக்குச் சப்புகிற கீழ் ஹோஸ். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் பிபிலை வரை ஒழுங்காக வந்து, லுணுகலை ஏற்றத்தில் மட்டும் கொதிக்கிறதா? அப்போது றேடியேற்றர் பாதி அடைத்திருக்கும், அல்லது அந்த ஆசிரியர் சொன்னது சரியாக இருக்கும். வழியில் மகாஓயாவில் வெந்நீர் ஊற்று உண்டு. உங்கள் காரை அதோடு போட்டிக்கு விடாதீர்கள்.

கொப்பியில் எந்த ஒழுங்கும் தெரியாமல், நினைத்த இடத்தில் கொதித்து நினைத்த இடத்தில் ஆறினால், தெர்மோஸ்ரற், உள்ளே அகப்பட்ட காற்று, அல்லது வயர். நமது ஊரில் நான் வயருக்கே முதல் வாக்குப் போடுவேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று விசிறிச் சுவிட்சின் செருகியிலும் எர்த் வயர் நட்டிலும் பச்சை பூத்து நிற்கும். ஒரு குலுக்கலில் தொடும், அடுத்த குலுக்கலில் விடும். கராஜில் ஏன் கொதிப்பதில்லை என்பதற்கும் பதில் இங்கேதான்: பாஸ் பொனற்றைத் திறந்து வயர்களைப் பிடித்து ஆட்டும்போதே அது தொட்டுக்கொண்டுவிடுகிறது. பரிசோதனையே வைத்தியமாகிவிட்டால் நோய் எப்படிப் பிடிபடும்? ஏசியைப் போட்டுப் பாருங்கள். ஏசிக்குச் சுற்றுகிற விசிறி சூட்டுக்குச் சுற்றவில்லையென்றால் சூட்டுச் சுவிட்ச். இரண்டுக்குமே சுற்றவில்லையென்றால் பியூஸ், றிலே, எர்த், கடைசியாக மோட்டார்.

ஊசியையும் முழுதாக நம்ப வேண்டாம். தண்ணீர் அடியோடு வற்றி சென்சர் காற்றில் நின்றால் ஊசி கீழே இறங்கிக் குளிர்ச்சி காட்டும். அப்பாடா என்று நீங்கள் பாட்டுப் போடுகிற நேரத்தில்தான் ஹெட் வளைகிறது.

கஸ்கற் போனதா என்று அறிய, ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால், எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஒயில் மூடியின் அடியில் பால்போலப் படிந்திருந்தால், அல்லது காலையில் ஸ்ராட் பண்ணிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், சந்தேகம் பலமாகிறது. சூடாக இருக்கும்போது மட்டும் எக்காரணம் கொண்டும் அந்த மூடியைத் தொடாதீர்கள். இவ்வளவு நேரம் பேசியதில் பகிடி இல்லாத இடம் இது: அமுக்கத்தில் நிற்கிற தண்ணீர் முகத்துக்குத்தான் பாயும்.

ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டுமென்று முடிவானால், லேத்தில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்தாமல் புதுக் கஸ்கற் போட விடாதீர்கள். அதற்கு முன் மூடியையும் விசிறி வயரையும் ஒருமுறை பாருங்கள். அந்த இரண்டையும் சேர்த்து மாற்றினாலும் ஹெட் வேலையின் கூலிக்குக் கிட்டவும் வராது.