டாக்டர் ஓட்டிய வண்டி

பழைய கார் விற்பவர்கள் சொல்வதை நம்பினால், திருவண்ணாமலை மாவட்டத்தில் நோயாளிகளைவிட டாக்டர்கள் அதிகம். எந்த வண்டியைக் கேட்டாலும், “டாக்டர் ஓட்டினது சார், சிங்கிள் ஓனர்!” எங்கள் தேவிகாபுரத்துக்கு விலைக்கு வந்த 2008 சான்ட்ரோவும் அப்படித்தான்.

பார்க்க மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை, மாமாவைக் கூப்பிட்டேன். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பட்டுத்தறியில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். சேலையில் ஒரு இழை விட்டுப்போனாலும் கூலியில் பிடித்துவிடுவார்கள் என்பதால், குறை தேடும் கண் இந்த ஊரில் பலருக்கும் உண்டு. மாமாவுக்குக் கொஞ்சம் கூடுதல்.

பானெட்டைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. வெயிலுக்கு எதிரே குந்தி, வண்டியின் பக்கவாட்டில் கண்ணை ஓட்டினார். “மாப்ளே, பின்கதவு வேற சாயத்துல முக்கினது.” தட்டினார். முன்கதவு டங் என்றது. பின்கதவு தொப் என்றது. உள்ளே பட்டி! அந்தக் கதவுக் கண்ணாடியின் மூலையில் இருந்த பொடி எழுத்தும் மற்ற கண்ணாடிகளோடு ஒத்துப்போகவில்லை.

“டாக்டர் எங்கியோ இடிச்சிருக்காரு. பேஷன்ட் பொழைச்சானா?”

மீட்டர் 48,000 கிலோமீட்டர் காட்டியது. கிளட்ச் பெடல் ரப்பரோ வரியே தெரியாமல் வழுவழுத்திருந்தது. ‘புது டயர்’ என்றதன் ஓரத்தில் 3519. அதாவது 2019-இன் 35-ஆவது வாரத்தில் செய்த புதுசு.

நல்லதையும் சொல்ல வேண்டும். 1086 சிசி, நான்கு சிலிண்டர், நடுக்கமில்லாமல் நின்றது. ஆயில் மூடியைக் கழற்றிவிட்டு ஓடவிட்டோம், புகை இல்லை. கூரை உயரம் என்பதால் வேட்டி கட்டியவரும் மானத்தோடு ஏறி இறங்கலாம். சேத்துப்பட்டு ரோட்டு வெயிலிலும் ஏசி குளிர்ந்தது. பெரியநாயகி அம்மன் கோயில் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியபோதுதான் ஸ்டியரிங் லொடக் லொடக் என்றது. “தறிதான் வீட்டுலயே இருக்கே, இது வேற எதுக்கு?” என்றார் மாமா.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

“அறுந்தா என்னாகும்?”

“வால்வு வளைஞ்சா இன்ஜினையே பிரிக்கணும், மாமா.”

“பாவு அறுந்தா பிணைச்சுக்கலாம்” என்று உதட்டைப் பிதுக்கினார்.

15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. விற்பவர் அதைக் கட்டியிருந்தார். எங்களிடம் சொல்லிக்கொண்டும் இருந்தார். விலை ஒன்றேகால் லட்சமாம்.

மாமா விரலை மடக்க ஆரம்பித்தார். “கதவுக்கு ஆறாயிரம். டயருக்குப் பன்னெண்டு. பெல்ட்டுக்கு அஞ்சு. ஸ்டியரிங்குக்கு எட்டு. டாக்டருக்கு ரெண்டு.”

“டாக்டருக்கு எதுக்குண்ணே?”

“அவருக்கு ஃபீஸ் தர வேணாமா தம்பி?”

வாழ்நாளெல்லாம் கூலியில் பிடித்தம் கொடுத்தவர், முதல்முறையாகப் பிடிக்கிறார். தடுக்க எனக்கு மனம் வரவில்லை. 92,000-க்கு முடிந்தது. ஆர்.சி. பெயர் மாற்றும் செலவும் விற்பவர் தலையில்தான்.