வசூல் என்னும் நிகழ்த்துகலை: ஆனேக்கல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கடன் வசூலைப் பொருளாதாரத் துறையினர் தங்கள் பாட்டன் சொத்துபோல இதுநாள்வரை அனுபவித்து வந்திருக்கிறார்கள். அந்தப் பட்டாவை ரத்துசெய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வசூல் என்பது நிகழ்த்துகலை. இருவர் நடிக்கிறார்கள், தெருவே வேடிக்கை பார்க்கிறது, பணம் மட்டும் கடைசிவரை மேடைக்கு வருவதில்லை. பணம் வந்துவிட்டால் நாடகம் முடிந்தது. ஆகவே நல்ல வசூல் காமெடிக்கு அடிப்படைத் தகுதி, வசூல் ஆகாமல் இருப்பது.

ஆய்வுக்களமாகக் கர்நாடகத்தின் ஆனேக்கல் தாலுகாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கம் பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகள். மாதச் சம்பளம், அதைவிட வேகமாக வளரும் மாதத் தவணை. மறுபக்கம் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் தமிழ்நாடு. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் சாக்குச் சொல்ல வசதியுள்ள ஊர். வாசலில் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓர் இளைஞர் கேட்கிறார்: “அக்கா, அண்ணன் இல்லீங்களா?”

“வெளிமாநிலம் போயிருக்காருங்க.”

இது பொய்யே அல்ல. அண்ணன் ஓசூரில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். எல்லையோரத்தில் வசிப்பவருக்கு மட்டுமே வாய்க்கும் இந்த வசனத்தைச் சென்னையிலோ மதுரையிலோ எழுத முடியாது.

இக்கலையின் தோற்றத்தைத் தேடினால் முதலில் எதிர்ப்படுபவர் சாட்சாத் சிவபெருமான். சேக்கிழார் சொல்லும் கதை: புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். பந்தல் நிறைந்த சொந்தபந்தம். முகூர்த்த வேளையில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து, “உன் பாட்டன் எழுதிக்கொடுத்திருக்கிறான், நீ எனக்கு அடிமை” என்கிறார். மாப்பிள்ளை பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது நகல்தான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறதாம். அங்கே சபை கூடுகிறது, பாட்டனின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறது, வழக்கு கிழவர் பக்கம் தீர்ப்பாகிறது. நான்கு பேர் கூடியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போவது, நகலை மட்டும் கையில் கொண்டுபோவது: தொழிலின் இரண்டு பாலபாடங்களும் இதில் இருக்கின்றன. ஆனால் இங்கே வசூல் முழுமையாக நடந்துவிட்டது. எனவே இது காமெடி அல்ல, புராணம்.

மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரையில் கண்டதாக எழுதியிருப்பது நம் வகைமைக்கு இன்னும் நெருக்கமானது. கடன் கொடுத்தவன் கடன்காரனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டால், பணத்தைத் தீர்க்காமல் அவன் அதைத் தாண்டக் கூடாதாம். பலமுறை கேட்டும் பாக்கி வராத ஒரு வெளிநாட்டு வணிகர், குதிரைமேல் வந்த அரசரையே இப்படிச் சுற்றி வட்டம் போட்டுவிட்டார். அரசரும் பாக்கி தீரும்வரை குதிரையை நகர்த்தவில்லையாம். இந்த முறையை நம் ஆய்வுக்களத்துச் சந்தாபுரா சந்திப்பில் சோதித்துப் பார்க்க எண்ணினோம். அங்கே போக்குவரத்து எப்படியும் நகர்வதில்லை. யார் வட்டத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறார், யார் சிக்னலுக்கு நிற்கிறார் என்று பிரித்தறிய வழியில்லாததால் கைவிட்டோம்.

உண்மையான மூலபுருஷன் நட்சத்திரிகன்தான். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் கன்னடத்தில் ராகவாங்கர் ஆறடிச் சட்பதியில் எழுதிய அரிச்சந்திர காவியத்தில், அரசனிடம் பாக்கி வசூலிக்க விசுவாமித்திரர் அனுப்பும் ஆள் இவன். தெலுங்கு நாடக மேடையில் நட்சத்திரகன். நாட்டை இழந்து பெண்டாட்டி பிள்ளையோடு காசிக்கு நடக்கும் அரிச்சந்திரனின் பின்னாலேயே போகிறான். கால் வலிக்கிறது, தூக்கு என்கிறான். தாகம், தண்ணீர் கொண்டுவா என்கிறான். வசூலிக்க வந்தவனின் வழிச்செலவும் கடன்காரன் தலையிலேயே. இன்று கணக்கு அறிக்கையில் ‘விசிட் சார்ஜ்’ என்று ஒரு வரி வந்தால் அதன் பூர்வீகம் இதுதான். விடாமல் நச்சரிக்கும் ஆளுக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் இன்றும் இவன் பெயரே பட்டப்பெயர். கதாநாயகனை எல்லோரும் வணங்குகிறார்கள், வசூல்காரனை நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் 1913இல் பால்கே எடுத்த ‘ராஜா ஹரிச்சந்திரா’ என்பதை இத்துடன் சேர்த்துப் பார்த்தால், நம் சினிமா பிறந்ததே பாக்கித்தொகையில்தான் என்று விளங்கும்.

அமெரிக்காவில் இதே உண்மையைத் தாமதமாகக் கண்டுபிடித்தார்கள். அலெக்ஸ் காக்ஸின் ‘ரெப்போ மேன்’ (1984) படத்தில், சூப்பர்மார்க்கெட் வேலையை இழந்த ஆட்டோ என்ற பையன் தவணை கட்டாதவர்களின் கார்களைத் தூக்கும் தொழிலுக்கு வருகிறான். பெயர் ஆட்டோ, தொழில் கார். படிப்பை முடித்தால் தருவதாக அவனுக்கு வாக்களித்திருந்த பணத்தைப் பெற்றோர் ஏற்கெனவே டிவி சாமியாருக்குக் கொடுத்துவிட்டார்கள்; அதாவது வசூல்காரனே ஒருவிதத்தில் வசூலிக்கப்பட்டவன். எல்லோரும் துரத்தும் ஒரு கார் கடைசியில் பச்சையாக ஒளிர்ந்து வானத்தில் பறந்துவிடுகிறது. யார்டுக்கு வந்தும் கைக்குச் சிக்கவில்லை. நம் கருதுகோளுக்கு இதைவிட வலுவான சான்று கிடைக்காது. தமிழில் ‘பைரவா’ (2017) விஜய்யும் வங்கி வசூல்காரர்தான். ஆனால் அவர் அடித்து வசூலித்துவிடுகிறார். வகைமை கெட்டுவிட்டது.

ரிசர்வ் வங்கி இதைக் கலையாக ஏற்றுக்கொண்டுவிட்டது என்றே கருதுகிறோம். 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கைப்படி காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன்காரரைக் கூப்பிடக் கூடாது; காட்சி நேரம் என்று இதைத்தானே சொல்வார்கள்? வசூல் முகவர்களுக்கு 100 மணி நேரம் ஒத்திகையும் உண்டு, பட்டதாரிகளுக்கு 50 மணி நேரம் போதும். மீதி ஐம்பதைக் கல்விக் கடனே கற்றுக்கொடுத்திருக்கும். தவணை தவறி 30 நாள் வரை ஒரு ‘பக்கெட்’ (நாள்கணக்குப் பிரிவு), 60 வரை அடுத்தது, 90 வரை இன்னொன்று. மூன்று அங்கம். தொண்ணூறைத் தாண்டினால் வாராக்கடன், திரை விழும்.

நடிப்பென்பதை மறந்து சிலர் மெய்யாகவே மிரட்டத் தொடங்கும்போது இந்த ஆய்வு நின்றுபோகிறது. சிறுகடன் நிறுவனங்களின் நெருக்கடியால் கர்நாடகத்தில் உயிர்கள் போன பிறகுதான் 2025 பிப்ரவரியில் அவசரச் சட்டம் வந்தது. 10 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். வாரக் குழுக்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற பெண்களையே அவள் வீட்டு வாசலில் உட்காரவைக்கிற ஏற்பாட்டில் சிரிக்க எதுவும் இல்லை. நட்சத்திரிகன்கூட அரிச்சந்திரனின் பக்கத்து வீட்டாரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

கடன்காரர் தரப்பின் மிகச் சிறந்த பங்களிப்பைக் கடைசியாக வைத்திருக்கிறோம். 1990களில் பெங்களூரு வட்டாரத்தில் இரவில் ஒரு பெண் பேய் வந்து கதவைத் தட்டுவதாக வதந்தி பரவியது. ஜனங்கள் கதவிலும் சுவரிலும் ‘நாளே பா’, நாளைக்கு வா, என்று எழுதிவைத்தார்கள். பேய் படித்துவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாள் வந்து அதையே படிக்கும். ‘ஸ்திரீ’ என்ற இந்திப் படம் (2018) வரை போய்ச் சேர்ந்த கதை இது. எந்த ஆய்வாளரும் கேட்காத கேள்வியை நாங்கள் கேட்கிறோம். கதவைத் தட்டுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, ‘நாளைக்கு வா’ என்றதும் போய்விடுவது, மறுநாள் தவறாமல் வருவது. இது எந்த ஊர்ப் பேயின் குணம்? எழுதப்படிக்கத் தெரிந்த, வாய்தாவை மதிக்கிற பேயை உலகப் பேயியல் அறியாது. அது பேயே அல்ல, மாதக் கடைசி என்பது எங்கள் முடிவு.

ஒரு குறை மட்டும் உண்டு. ஜாமீன் கையெழுத்துப் போட்டவரை இந்த ஆய்வு தொடவில்லை. வாங்கியவரும் சிரிக்கிறார், வசூலிப்பவரும் சிரிக்கிறார். இவர் எந்தக் காமெடியிலும் இல்லை, இவருக்கென்று சோக இலக்கியத்தில் தனித் தொகுதியே வேண்டும். அதற்கு நிதியுதவி கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். எல்லாம் சரி, ஜாமீனுக்கு மட்டும் ரெண்டு பேரைக் கூட்டிவரச் சொல்கிறார்கள்.