இழை உண்டோ? காவிரி டெல்டாவின் வீட்டு ஃபைபர் குறித்த ஓர் அளவையியல் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஃபைபர் இணையம் உண்டா இல்லையா என்று கேட்டால் மூன்று விடைகள் கிடைக்கின்றன. கம்பெனியின் இணையதளம் ‘உண்டு’ என்கிறது. அதே கம்பெனிக்கு லைன் இழுப்பவர் ‘இல்லை’ என்கிறார். எதிர்வீட்டுக்காரர் ‘எங்களுக்கு இருக்கு, ஆனா வேல செய்யாது’ என்கிறார். இம்மூன்றும் ஒரே சமயத்தில் மெய்யாக இருக்கலாம் என்று நிறுவுவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். இவர்களுள் யார் சொல் செல்லும் என்று தீர்ப்பது இரண்டாவது. ஆய்வாளர் தம் வீட்டுக்கு இணைப்பு வாங்குவது நோக்கங்களுள் ஒன்றன்று. அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

1. பொருளும் அதன் வரலாறும்

இழை என்பது இங்கே கண்ணாடி இழை. ஒளி செல்லும் நடுக்கரு சுமார் 9 மைக்ரான். மேலுறையும் சேர்த்து 125 மைக்ரான். கண்ணாடியைப் போதிய அளவு தூய்மையாக்கினால் ஒளி கிலோமீட்டர் கணக்கில் பயணம் செய்யும் என்று சார்லஸ் காவ் 1966இல் கணக்கிட்டார். 1970இல் கார்னிங் நிறுவனத்தார் அப்படியொரு இழையைச் செய்தே காட்டினர். 2009இல் காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கணக்கிட்டது கண்ணாடிக்குள் நேரும் இழப்பை மட்டுமே. கம்பத்துக்கும் வீட்டு வாசலுக்கும் இடையிலுள்ள நாற்பது அடியில் நேரும் இழப்பை அவர் கணக்கில் எடுக்கவில்லை. இவ்வாய்வு அக்குறையை நிறைவு செய்ய முனைகிறது.

‘அகண்ட அலைவரிசை’ எது என்பதிலும் காலந்தோறும் கருத்து மாறியிருக்கிறது. அரசின் 2004ஆம் ஆண்டு வரையறைப்படி 256 கேபிபிஎஸ் இருந்தால் போதும். 2013இல் அது 512 ஆயிற்று. 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆயிற்று. ஆகவே 2022 மார்கழியில் அகண்டு கிடந்த ஓர் இணைப்பு, அதே மார்கழி முடிந்து தை மாதம் போவதற்குள் குறுகிப் போயிருக்கலாம். அந்த வீட்டுக்காரர் அப்போதுதான் பொங்கலுக்கு வெள்ளையடித்து முடித்திருப்பார்.

2. நால்வகை இழை

களத்தில் காணப்படும் இழைகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, முழு இழை. கண்ணாடி கம்பத்தில் நிற்காமல் சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வந்து, பச்சைத் தலை கொண்ட கனெக்டரில் முடியும். ஏனைய மூன்றும் இதன் சாயல்கள்.

இரண்டாவது, குறை இழை. தெருமுனைக் கம்பத்துப் பெட்டி வரைக்கும் கண்ணாடி. அங்கிருந்து வீட்டுக்குச் செம்புக் கம்பி. பில்லில் இதுவும் ஃபைபர்தான்.

மூன்றாவது, அருவ இழை. 2023 ஆகஸ்டில் ஏர்டெல்லும் செப்டம்பரில் ஜியோவும் ‘ஏர்ஃபைபர்’ என்ற பெயரில் கொண்டுவந்த சேவைகள் இவ்வகையின. கோபுரத்திலிருந்து வீட்டுக்கு வருவது 5ஜி ரேடியோ அலை. வேகத்தில் இது குறை இழையை வெல்லவும் கூடும். ஆனால் ஏணி வைத்து ஏறித் தேடினாலும் இழை கிட்டாதாகலின் தனி வகையாக வைக்கப்பட்டது.

நான்காவது, ஊராட்சி இழை. ஊராட்சிகளை எல்லாம் கண்ணாடியால் இணைக்கும் திட்டத்துக்கு 2011இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. 2015இல் அது பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு டான்ஃபிநெட் எனப்படும் அரசு நிறுவனத்துக்கு. கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலேயே செல்கிறது. ஊராட்சி அலுவலகத்துக்கு அது வந்து சேர்ந்ததும் அந்த ஊர் ‘சேவைக்குத் தயார்’ என்ற பட்டியலில் ஏறும். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு எப்படிப் போவது என்பது வேறு இயல், வேறு நிதி, வேறு டெண்டர்.

3. அளவைகள்

ஒரு பொருள் உண்டென்று அறியத் தமிழ்ச் சித்தாந்த மரபு காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளை முதன்மையாகக் கொள்ளும். அவற்றை ஒவ்வொன்றாகத் தெருவில் நிறுத்திப் பார்த்தோம்.

காட்சி: கண்ணால் கண்டால் போதும் என்பர். போதாது. வீட்டை நோக்கி வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர். வீட்டிலிருந்து போவது 1310. மனிதக் கண் ஏறத்தாழ 750க்கு மேல் எதையும் காணாது. கேபிளை வெட்டி நுனியைப் பார்த்தாலும் ஒளி இருப்பது தெரியாது. லேசர் என்பதால் பார்க்கவும் கூடாது. ஆகவே இழை இருக்கும்போது காட்சி பயன்படாது. இல்லாதபோதோ காண ஏதுமில்லை.

கருதல்: புகையைக் கண்டு மலையில் நெருப்பை அறிவது போன்றது. எங்கள் தெரு இளைஞர்கள் இதை முறைப்படி நிகழ்த்துகின்றனர். ‘இத்தெருவில் இழை உண்டு’ என்பது பக்கம். ‘கம்பத்தில் கருப்புச் சுருள் தொங்குதலான்’ என்பது ஏது. ‘எங்கெங்கே சுருளோ அங்கங்கே இழை, கீழத்தெரு போல’ என்பது திட்டாந்தம். கட்டமைப்பில் பிழையில்லை. ஆனால் அச்சுருள் பழைய கேபிள் டிவி ஒயராக இருக்கலாம். கடையைக் கட்டிவிட்டுப் போன ஆப்பரேட்டர் விட்டுச்சென்ற எச்சமாக இருக்கலாம். வேறு ஊருக்குப் போகும் கேபிள் போகிற வழியில் இளைப்பாறுவதாகவும் இருக்கலாம். பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப் போலி என்று மணிமேகலையின் 29ஆம் காதை வகுத்துத் தரும் மூன்று போலிகளையும் ஒரே கம்பத்தில் காணலாம்.

உரை: நம்பத்தக்கவர் சொல். கேபிள்காரரிடம் எடுத்த வாக்குமூலம் வருமாறு.

“தம்பி, நம்ம தெருவுக்கு ஃபைபர் வந்துடுச்சா?”

“வந்துடுச்சு சார்.”

“அப்ப நாளைக்கு லைன் இழுத்துடலாமா?”

“பாக்ஸுல போர்ட் காலி இல்ல சார். சொல்லியிருக்கேன்.”

“எப்ப வரும்?”

“அதான் வந்துடுச்சே சார்.”

இவ்வுரையில் பொய் ஒரு சொல்கூட இல்லை என்பது கருதத்தக்கது. இணையதளமும் அவ்வாறே. அது கேட்பது பின்கோடு. ஒரு பின்கோட்டுக்குள் பல ஊர்கள் அடக்கம். அவற்றுள் ஒன்றில் ஒரு வீட்டுக்கு இழை இருந்தாலும் பின்கோட்டைப் பொறுத்தவரை விடை ‘உண்டு’ என்பதே. மணிமேகலையில் அறவண அடிகள் கூறும் பௌத்த அளவையியல் காட்சி, கருதல் இரண்டை மட்டுமே ஏற்று உரையைத் தனி அளவையாகக் கொள்ளாது. வாடிக்கையாளர் சேவை மையத்தோடு பேசியவர் எச்சமயத்தவராயினும் இவ்விடத்தில் பௌத்தராவர்.

4. கடைமடைக் கோட்பாடு

மூன்று அளவைகளும் தோற்ற இடத்தில் டெல்டாக்காரருக்கு நான்காவது ஒன்று உண்டு. மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்குக் குறித்த நாள் ஜூன் 12. நடப்பில் 2022இல் மே 24இலேயே திறந்தனர். 2024இல் ஜூலை 28 ஆயிற்று. மறுநாள் செய்தித்தாளில் ‘தண்ணீர் திறப்பு’ என்று படத்தோடு வரும். சில நாளில் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். அங்கே மீண்டும் பூத்தூவிப் படம் எடுப்பர். பேராவூரணியிலும் வேதாரண்யம் பக்கத்திலும் உள்ள கடைமடைக்காரர் இந்த இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு நாற்றங்காலைத் தொடமாட்டார். தம் வாய்க்காலில் தண்ணீர் ஓடக் கண்டபின்பே ‘வந்துடுச்சு’ என்பார். அந்தச் சொல்லுக்குப் பிறகு மேல்முறையீடு இல்லை.

இழைக்கு நீரை ஒப்பிடுவது தகுமோ என்று ஐயுற வேண்டா. இழையின் முன்னோரே நீர்தான். 1840களில் ஜெனீவாவின் கொலடன் நீர்த்தாரைக்குள் ஒளி வளைந்து ஓடுவதைக் காட்டினார். 1854இல் ஜான் டிண்டால் லண்டனில் அதையே செய்து காட்டினார். இன்றைய வீட்டு இழையின் அமைப்பும் பாசனத்தை ஒத்தது. கேபிள் ஆபீஸிலிருந்து கிளம்பும் ஒற்றை இழை ஸ்ப்ளிட்டரில் 32 ஆகவோ 64 ஆகவோ பிரிகிறது. கீழே வரும் செய்தி எல்லா வீட்டுக்கும் பொது. அவரவர் மோடம் தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மேலே போகும்போது முறை வைத்து ஒவ்வொரு வீடாக அனுப்ப வேண்டும். முறைப்பாசனத்துக்குப் பழகிய ஊரில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒளி வந்து சேரும் அளவையும் அளக்கலாம்: ‘பவர் மைனஸ் 21 இருக்கு சார்’ என்றால் விளைச்சல் நன்று, மைனஸ் 27ஐத் தாண்டிக் கீழே போனால் மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும்.

ஒரே வேறுபாடு: ஸ்ப்ளிட்டர் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடும், தலைமடைக்காரர் இரவில் போய் மடையைத் திறந்துவிட முடியாது. ஆனால் போர்ட் எல்லாவற்றையும் முதலில் வாங்கிக்கொள்ள முடியும். இதிலிருந்து பெறப்படும் விதி: ஓர் ஊரில் இழை உண்டு என்பது அவ்வூரின் கடைசி வீட்டார் சொல்லும்போது மட்டுமே மெய்யாகும்.

5. தடையும் விடையும்

‘கடைமடைக்காரர் எப்போதும் குறையே சொல்வார், அவர் சொல் எங்ஙனம் சான்றாகும்?’ என்பாரும் உளர். அற்றன்று. வீட்டு வாசலைக் கடந்து கேபிள் போனாலே அந்த வீட்டை ‘ஹோம்ஸ் பாஸ்ட்’ கணக்கில் சேர்ப்பது தொழில்துறை வழக்கம். இணைப்பு கொடுக்க வேண்டுமென்பதில்லை. ஊராட்சி அலுவலகத்தில் பெட்டி மாட்டினால் அரசின் கணக்கு கூடும். வராததை வந்ததாகச் சொல்லி லாபம் அடையாத ஒரே ஆள் கடைசி வீட்டுக்காரர்.

‘வெளிநாடுகளில் இச்சிக்கல் இல்லை’ என்பர் வேறு சிலர். அதுவும் பொருந்தாது. பிரிட்டனில் தெருப்பெட்டி வரை மட்டும் கண்ணாடி வரும் இணைப்பையும் ஃபைபர் என்று விளம்பரம் செய்யலாம் என விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 2017இல் முடிவு செய்தது. அதை எதிர்த்து சிட்டிஃபைபர் நிறுவனம் தொடுத்த வழக்கு 2019இல் தள்ளுபடியானது. அங்கே மக்கள் ‘முழு ஃபைபர்’ என்று அடை சேர்த்துக் கேட்கும் நிலை இவ்வாறு வந்தது. பிரான்ஸ் 2016இல் வேறு வழி கண்டது: வீடுவரை கண்ணாடி வராவிட்டால் விளம்பரத்திலேயே அதைச் சொல்லியாக வேண்டும். இத்தாலி 2018இல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வில்லைகளே ஒட்டிவிட்டது. பச்சை முழுமை; மஞ்சள் பாதி; சிவப்பு என்றால் ஃபைபரே இல்லை.

‘ஒருமுறை வந்த இழை என்றும் இருக்கும்’ என்பது மூன்றாம் தடை. இதற்கு 2018 நவம்பர் 16 விடை. அன்று கஜா புயலில் டெல்டாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் மின்கம்பங்கள் சாய்ந்தன. புயல் வேண்டுமென்பதுமில்லை. அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றிய லாரி உயரம் பார்க்காமல் தெருவுக்குள் நுழைந்தால் போதும். தென்னை மட்டை ஒன்று விழுந்தாலும் போதும். மின்தடைக்கு அணில்களும் காரணம் என்று 2021இல் ஓர் அமைச்சரே கூறியுள்ளமையால், அவை கண்ணாடியை மட்டும் விட்டுவைக்கும் என்று கொள்வதற்கில்லை.

6. பரிந்துரைகள்

ஒன்று: முழு இழையா குறை இழையா என்று ஐயம் நேர்ந்தால், தெருவில் கரண்ட் போகும் வரை காத்திருக்கவும். டெல்டாவில் நீண்ட காத்திருப்பு தேவைப்படாது. ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. செம்புக்கு மாற்றித்தரும் கம்பத்துப் பெட்டிக்குத் தேவை. வீட்டில் இன்வெர்ட்டரும் கேபிள் ஆபீஸில் பேட்டரியும் இருந்து, இணையம் மட்டும் கரண்டோடு சேர்ந்து போனால் அது குறை இழை.

இரண்டு: இத்தாலிய வில்லைகளை மின்கம்பங்களில் ஒட்டலாம். ஆனால் கட்சி போஸ்டர்களுக்கு இடையே இடம் கிடைக்குமா என்பது தனி ஆய்வுக்குரியது.

மூன்று: ஒவ்வொரு விளக்குக்கும் பொறுப்பாளர் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய், அதை அளக்க வேண்டிய இடையர் இன்னார் என்பது வரை வெட்டியிருக்கிறது. விளக்கு அணைந்தால் யாரைக் கேட்பது என்பது ராஜராஜன் காலத்தில் தெரிந்திருந்தது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும்போது டிக்கெட் எண் மட்டுமே கிடைக்கும் இக்காலத்தார் இதைக் கருத்தில் கொள்க.

நான்கு: ஊருக்கு ஃபைபர் வந்துவிட்டதாகச் சான்றளிக்கும் அதிகாரத்தைக் கம்பெனியிடமிருந்தும் ஊராட்சியிடமிருந்தும் எடுத்து, ஒவ்வொரு தெருவின் கடைசி வீட்டாருக்கும் தரவேண்டும். அச்சான்றை ஐப்பசி அடைமழையில் பெறவேண்டும். சித்திரை வெயிலில் வாங்கிய சான்று செல்லாது. கோடையில் வடவாறும்கூட நல்ல ரோடாகத்தான் இருக்கிறது.