ஆட்சேபணைக்காரர்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மார்கழி உற்சவம் நடத்தும் சபைகளில், காரியதரிசி இல்லாத கமிட்டியைக்கூட ஒருவேளை கண்டுவிடலாம். "ஸார், ஒரு சின்ன ஆட்சேபணை" என்று கனைத்துக்கொண்டே எழுந்திருக்கும் ஒரு கனவான் இல்லாத கமிட்டியைக் காண்பது துர்லபம். அநேகமாக அவர் தேனாம்பேட்டை ஏஜீஸ் ஆபீஸில் ஆயுளைச் செலவிட்டு, பிறர் கணக்கில் பிழை காண்பதற்கென்றே சர்க்கார் சம்பளம் வாங்கியவராக இருப்பார். ஓய்வு பெற்ற தினத்தன்று நாற்காலி மேஜையை ஒப்படைத்தவர், அந்த வித்தையையும் ஒப்படைக்க வேண்டுமென்று யாரும் சொல்லாததால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பாம்புப் பஞ்சாங்கம், சிவப்புப் பென்சில், போன வருஷத்து நிகழ்ச்சி நிரல்.

காரியதரிசியோ இவருக்கு நேர்விரோதமான பிரகிருதி. எதைச் சொன்னாலும் "ஜமாய்ச்சுடலாம்" என்பார். பொக்கிஷதார் பேசவே மாட்டார். பணம் என்ற பேச்சு வந்தால் மட்டும் தலையை இடமும் வலமும் அசைப்பார்.

காண்டீனுக்குப் போகிறவர்கள் ஹாலைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறதே என்று இரங்கி, மேடைக்கு அருகிலுள்ள பக்கக் கதவைத் திறந்து விட்டுவிடலாமென்று காரியதரிசி ஒரு கூட்டத்தில் யோசனை சொன்னார். எல்லோரும் ஆமோதித்து, காப்பிக்குக் கை நீட்டிய சமயத்தில் நம்மவர் எழுந்தார்.

"தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்ச உடனே பாதி ஸபை காப்பிக்குக் கிளம்பும். அத்தனை பேரும் மிருதங்க வித்வானோட மூக்குக்கு முன்னாலேதான் ஊர்வலம் போகணுமோ?"

காரியதரிசியின் முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் பொக்கிஷதார் அந்த வருஷத்தில் முதல் தடவையாக வாய் திறந்து, "பின்பக்கக் கதவுக்குச் சாவி இருக்கு, செலவில்லை" என்றார். கதவு பின்பக்கமாயிற்று. உற்சாகம் ஒருவரிடமும், சந்தேகம் இன்னொருவரிடமும், சாவி மூன்றாமவரிடமும் இருந்தபடியால்தான் மிருதங்க வித்வானின் மானம் காப்பாற்றப்பட்டது.

அவருடைய ஆட்சேபணைகளெல்லாம் இத்தரத்தவை என்று சொன்னால் அது முகஸ்துதியாகிவிடும். நோட்டீஸில் "அனைவரும் வருக" என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து, அத்தனை பேருக்கு நாற்காலி ஏது என்று அரைமணி நேரம் வாதாடிய புண்ணியவானும் அவர்தான்.

ஆனாலும் ஒரே அச்சில் வார்த்தெடுத்த மனிதர்களை மட்டும் கமிட்டியில் சேர்க்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பலனாக மறுவருஷம் தோன்றிய மியூசிக் அகாதெமியில், வக்கீல் தொழிலும் பார்த்துக்கொண்டு ஸ்திரீ வேஷத்தில் சதிர் நாட்டியமும் ஆடிக்காட்டிய இ. கிருஷ்ணய்யர் காரியதரிசிகளுள் ஒருவராக இருந்தார். சதிர் என்றாலே பெரிய மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்நாளில், 1931-ல், அகாதெமியின் மேடையில் கல்யாணி என்ற சதிர்க் கலைஞரின் புதல்விகள் இருவர் ஆடினார்களென்றால், கனவான்களுக்கு நடுவே அப்படியொரு விசித்திரப் பிரகிருதி இருந்ததுதான் காரணம். நம் ஆட்சேபணைக்காரர் அங்கே இருந்திருந்தால் அதையும் ஆட்சேபித்திருப்பார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆசாரத்தைப் பற்றியோ அபவாதத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லாமல், இரண்டு பேர் சேர்ந்து தட்டிக் குதித்தால் மேடைப் பலகை தாங்குமா என்று மட்டுமே கேட்டிருப்பார்.

சென்ற ஐப்பசி அடைமழையில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கம்பளி மப்ளருடன் கூட்டத்துக்கு வந்து மௌனமாக உட்கார்ந்திருந்தார். தீர்மானங்களெல்லாம் கால்மணி நேரத்தில் நிறைவேறின. காரியதரிசி ஆனந்தத்தில் எல்லோருக்கும் இன்னொரு காப்பி வரவழைத்தார். அடுத்த கூட்டத்தில் மினிட் புத்தகத்தை வாசிக்கையில் "ஏகமனதாக நிறைவேறியது" என்ற வாக்கியம் வந்ததுதான் தாமதம், மப்ளரைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அவர் எழுந்தார்.

"ஸார், ஒரு சின்ன ஆட்சேபணை. அன்னிக்குச் சம்மதிச்சது என் தொண்டைதான், நான் இல்லை. அப்படியே எழுதிக்கோங்கோ."