இங்கே சத்தமே இல்லை, சித்தப்பா!

பெல்லா, அயோவா, அமெரிக்கா
ஆகஸ்ட்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,



ஆடி மாசம் பூராவும் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் தூங்கவிடவில்லை, நீயாவது அமைதியான ஊரில் நிம்மதியாக இருக்கிறாய் என்று எழுதியிருந்தீர்கள். அமைதி உண்மைதான். நிம்மதியைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பெல்லா, டெ மாயின் நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர். வழியெல்லாம் மக்காச்சோளம், அது அலுத்தால் சோயா. அயோவாவில் மனிதர்கள் 32 லட்சம், பன்றிகள் 2 கோடிக்கும் மேல். ஆளுக்கு ஏழு வீதம் பிரித்துக் கொடுக்கலாம். அவையும் கொட்டகைக்குள் அடக்கமாகவே இருக்கின்றன. காற்று திசை மாறும் நாளில் மட்டும் இருப்பைத் தெரிவிக்கும்.

1847-இல் ஹென்ட்ரிக் ஸ்கோல்டே என்ற பாதிரியார் நெதர்லாந்திலிருந்து சுமார் 800 பேரைக் கூட்டிவந்து உண்டாக்கிய ஊர் இது. கடைத்தெருவில் எந்தக் கடையானாலும் முகப்பு டச்சுப் பாணியில் இருக்க வேண்டும். மே மாதம் துலிப் திருவிழா. 1935-இல் தொடங்கியபோது பூ வளர்க்க நேரமில்லாமல் மரத்தில் துலிப் செய்து வைத்தார்களாம்! இப்போது நிஜப் பூக்கள். ஊர்வலத்துக்கு முன்னால் டச்சு உடுப்புப் போட்டவர்கள் வாளியும் துடைப்பமுமாக வந்து தெருவையே தேய்த்துக் கழுவுவார்கள். சித்தி பார்த்தால் நாலு பேரையாவது நம் தெருவுக்குக் கையோடு கூட்டிவந்துவிடுவார்.

இனி நிம்மதி விஷயம். என் மாமியார் வந்த மூன்றாம் நாள், மளிகைக் கடைக் கல்லாவில் இருந்த பெண், “உங்கள் மாமியாருக்கு ஊர் பிடித்திருக்கிறதா?” என்றாள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. விசாரித்தால், பின்வீட்டுக் கிழவர் கொடியில் காய்ந்த புடவையைப் பார்த்திருக்கிறார். பெட்ரோல் பங்கில் காலை 6 மணிக்குக் காபி குடிக்கக் கூடும் விவசாயிகள் சபையில் அதை வைத்திருக்கிறார். எட்டு மணிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை என்பதுதான் விசேஷம்.

புல் வெட்டத் தாமதித்தாலும் இதே கதை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். தன் புல்லை வெட்டும்போது என் பக்கத்தையும் வெட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். சிரிக்கிறவரை என்ன செய்வது? கிராமத்துச் சாலையில் எதிரே வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். பயப்படாதீர்கள், ஆள்காட்டி விரல்தான். அதுதான் வணக்கம். பதிலுக்கு நாம் தூக்காவிட்டால், “அவருக்கு உடம்பு சரியில்லையோ?” என்று மறுநாள் காபி சபையில் கவலைப்படுவார்கள்.

சத்தம் என்று உண்டானால் சூறாவளி சைரன்தான். மாதம் ஒருமுறை சோதித்துப் பார்ப்பார்கள். நிஜமாகவே ஊதினால் வீட்டுக்கு அடியிலுள்ள பேஸ்மென்ட்டுக்கு ஓட வேண்டும் என்பது விதி. ஊர்க்காரர்களோ முதலில் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் உள்ளே போனால்தான் என் மாமியாரும் ஜபமாலையை எடுத்துக்கொண்டு இறங்குவார்.

இந்த அமைதி உள்ளூர்க்காரர்களுக்கே தாங்காது போலிருக்கிறது. பக்கத்து ஊரான நாக்ஸ்வில்லில் ஆகஸ்டில் கார் பந்தயம். மண் தடத்தில் காதைக் கிழித்துக்கொண்டு ஓடும் கார்களைப் பார்க்க, டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். உங்களுக்கு அம்மன் கோயில் புண்ணியத்தில் அது இலவசம்!

சத்தமில்லாத ஊர் உலகத்தில் உண்டு சித்தப்பா. அடுத்தவர் சங்கதி தெரியாத சின்ன ஊர்தான் இல்லை. ஆனால் ஒன்று: பனிக்காலத்தில் என் கார் பள்ளத்தில் சறுக்கியபோது, நான் போனை எடுப்பதற்குள் டிராக்டரோடு ஒருவர் வந்து நின்றார். தகவல் அவருக்கு எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மே மாதம் சித்தியோடு வாருங்கள். விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்காகும். இப்போதே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்